உறுமலும் உபநிடதமும்: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

1992-ஆம் வருடம் நம்ம விருதுநகர் மாவட்டத்துத் தளவாய்புரத்தில் டேப் ரெக்கார்டர் இருந்த வீடுகளில் என்ன ஓடியது என்று கேட்டால் நாற்பது வயது தாண்டிய யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்: ‘ரோஜா’. ஆகஸ்ட் 15-இல் படம் வந்தது, நாடா தேயும்வரை கேசட் ஓடியது. அதே வருடம் உலகத்தின் வேறு மூலைகளில் என்னவெல்லாம் நடந்தது தெரியுமா?

ஜூன் 6-ஆம் தேதி, நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது! முகத்தில் பிணம்போல வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கருமை தீட்டிக்கொண்டு ‘பிளாக் மெட்டல்’ என்ற இசையை வாசித்த இளைஞர் கூட்டத்தின் மீது ஊர் உலகத்தின் பார்வை திரும்பியது. அந்த வருடக் கடைசியில் பெய்ஜிங்கில் ‘டாங் டைனஸ்டி’ என்ற குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. நீளமுடி வைத்த சீன இளைஞர்கள், பீக்கிங் ஓபராவின் கீச்சுக் குரலைக் கனமான கிட்டார் ஒலிக்கு மேலே ஏற்றி, ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய பேரரசைக் கனவு கண்டு பாடினார்கள்.

அதே 1992-இல்தான் சிங்கப்பூரில் தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் சிலர் கூடி ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். பெயர் ‘ருத்ரா’. நார்வேக்காரர்கள் தங்கள் கோபத்தைக் கோயில்மேல் காட்டினார்கள் என்றால், இந்தப் பையன்கள் அதே முரட்டு இசையை எடுத்து அதில் உபநிடதத்தை ஓதினார்கள்!

நம்ப முடிகிறதா? கொஞ்சம் பொறுங்கள், முதலில் இந்த மெட்டல் என்ற சமாச்சாரம் எங்கே பிறந்தது என்று பார்த்துவிட்டு வருவோம். மில் ஊர்க்காரர்களான நாம் தெரிந்துகொள்ளவேண்டிய கதை அது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். ஊர் முழுக்க இரும்புத் தொழிற்சாலைகள். அங்கே தகரம் வெட்டும் ஆலையில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனுக்கு அன்றுதான் கடைசி நாள் வேலை. மறுநாள் முதல் முழுநேரக் கிட்டார்க்காரன் ஆகப்போகிறான். அன்றைக்கே இயந்திரம் அவனுடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை வெட்டிவிட்டது! அவன் இடதுகைப் பழக்கக்காரன். தந்தியை அழுத்தவேண்டிய கையே அந்த வலது கைதான். வேறு யாராக இருந்தாலும் கிட்டாரைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? பாத்திரம் துலக்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். அதற்கு மேலே தோல் ஒட்டினான். அப்படியும் இறுக்கமான தந்தியை அழுத்தினால் வலித்தது. மெல்லிய தந்திகளைப் போட்டான், பிற்பாடு சுருதியையும் இறக்கித் தந்தியைத் தளர்த்தினான். சுருதி இறங்க இறங்க ஒலி கனத்தது, இருண்டது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, ‘பிளாக் சபாத்’ என்ற அவர்கள் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. உலகத்தில் இன்று மெட்டல் என்று சொல்லப்படும் அத்தனைக்கும் அதுதான் தாய்வேர். ஒரு தொழிற்சாலை விபத்தின் தழும்பு அந்த ஒலிக்குள் இருக்கிறது.

அதன் பேரப்பிள்ளைதான் பிளாக் மெட்டல். 1982-இல் ‘வெனம்’ என்ற ஆங்கிலேயக் குழு தன் ஆல்பத்துக்கு வைத்த பெயரே இந்த வகைக்கு நிலைத்துவிட்டது. எப்படி இருக்கும் என்கிறீர்களா? தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் தையல் கூடம் ஒன்றுக்குள் பகல் பதினோரு மணிக்கு நுழைந்து பாருங்கள். இருபது பவர் மிஷின் ஒரே நேரத்தில் ஓடும்போது தனித்தனித் தையல் சத்தம் காதில் விழாது; எல்லாம் சேர்ந்து ஒரே விரிப்பாக, ஓர் அதிர்வாக நிற்கும். பிளாக் மெட்டல் டிரம்ஸும் கிட்டாரும் அப்படித்தான். நிமிடத்துக்கு 200 தாளத்தைத் தாண்டும் வேகத்தில் அடிக்கிறார்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் காலால் நாலு அடி என்றால் நிமிடத்துக்கு 800 அடி! (நம்ம ஊர் அக்காமார்கள் ஓட்டும் மிஷின் நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போகக்கூடியது என்பதால் அவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது.)

சரி, அந்தப் பேய்க்குரல்? தொண்டை கிழிந்துவிடாதா? இங்கேதான் அடுத்த ஆச்சரியம். நம் எல்லோருடைய குரல்வளையிலும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. போலிக் குரல்நாண் என்பார்கள். சாதாரணப் பேச்சில் அதற்கு வேலையே இல்லை. பழகியவர்கள் அதையும் அதிரவைத்து உறுமலை எழுப்புகிறார்கள். முறையாகப் பழகாமல் வெறுமனே கத்துகிறவர்களுக்குத்தான் தொண்டை போகும். மங்கோலிய, துவா மேய்ப்பர்கள் ‘கர்கிரா’ என்ற அடித்தொண்டைப் பாட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதும் இதே வித்தைதான்! போலி நாண், உண்மை நாணின் பாதி வேகத்தில் அதிர்கிறது. அதனால் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கேட்கிறது. உலான்பாத்தரில் 2016-இல் தொடங்கிய ‘தி ஹூ’ என்ற குழு இந்தப் பாட்டையும் குதிரைத்தலை பொருத்திய இரண்டு தந்தி வாத்தியத்தையும் மெட்டலோடு சேர்த்தது. 2019-இல் முதல் ஆல்பம், 2022-இல் யுனெஸ்கோவின் ‘அமைதிக்கான கலைஞர்’ பட்டம். உறுமியதற்கு அமைதிப் பட்டம்!

சீனாவில் இந்தப் பழமைப் பித்து இன்னும் ஆழமாகப் போனது. ஷான்டுங் மாகாணத்து ஜினான் நகரில் 1998-இல் ‘ஜூரியாக்கே’ என்று ஒரு பிளாக் மெட்டல் குழு தொடங்கியது. நார்வேக்காரர்களின் வெள்ளைப் பூச்சு இவர்களுக்கு எதற்கு? சீனத்து மீனவரும் உழவரும் மழைக்குப் போட்டுக்கொண்ட வைக்கோல் அங்கியையும் கூம்புத் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, முகமே தெரியாமல் மேடையேறுகிறார்கள். பாட்டில் சாத்தான் கிடையாது. இலையுதிர் காலம், ஏரி, பனிமூட்டம், தனித்துப் பறக்கும் வாத்து. மையால் தீட்டிய பழைய சீன மலைக்காட்சி ஓவியத்துக்குள் யாரோ நின்று அலறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2007-இல் முதல் ஆல்பம் போட்டவர்கள் அடுத்ததுக்கு எட்டு வருடம் எடுத்துக்கொண்டு 2015-இல்தான் வந்தார்கள். அவசரமே இல்லாத மனிதர்கள்.

தைவான் கதை வேறு மாதிரி. தைபேயில் 1995-இல் தொடங்கிய ‘சதோனிக்’ குழு, எர்ஹு என்ற இரண்டு தந்திப் பிடிலை மெட்டலுக்குள் கொண்டுவந்தது. 1930-இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக மலைவாசிகளான சீடிக் மக்கள் எழுந்த கலகத்தை 2005-இல் ஒரு முழு ஆல்பமாக்கினார்கள். பாடகர் ஃபிரெடி லிம் அதற்கப்புறம் என்ன ஆனார் தெரியுமா? முதலில் ஆம்னஸ்டி அமைப்பின் தைவான் கிளைத் தலைவர். பிறகு 2016 தேர்தலில் நின்று, பழம்பெரும் கட்சியின் வேட்பாளரைத் தோற்கடித்து நாடாளுமன்ற உறுப்பினர்! பிளாக் மெட்டல் கத்தியவர் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். நம்ம ஊரில் சினிமாவிலிருந்துதான் போகவேண்டும் என்று நினைத்திருந்தோம்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். ருத்ராவின் கதையை நின்று நிதானமாகச் சொல்லவேண்டும்.

பேஸ் கிட்டாரும் குரலும் கதிர், டிரம்ஸ் சிவா. முப்பது வருடத்துக்கு மேலாகக் குழுவைத் தாங்கி நிற்பவர்கள் இந்த இருவரும்தான். இடையில் 1990-களின் நடுவில் குழு கலைந்து, மறுபடி சேர்ந்து, 1998-இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. தங்கள் இசைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வேதிக் மெட்டல்’. சுத்தமான பிளாக் மெட்டல் என்று சொல்ல முடியாது. டெத் மெட்டல் என்ற இன்னொரு முரட்டு வகையும் பாதிக்குப் பாதி கலந்தது. அடித்தொண்டை உறுமலில் ஆங்கில வரிகள் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று சம்ஸ்கிருத சுலோகம் ஒன்று, அதுவும் அதே உறுமலில், ஓதும் கதியில் இறங்கும். முதல் தடவை கேட்கிறவருக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கும், அல்லது கோபம் வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது.

2003-இல் ‘குருக்ஷேத்ரா’. 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பங்களாக விரிந்த ‘பிரம்மவித்யா’ வரிசை. 2013-இல் ஒன்று, 2016-இல் ஒன்று, 2022-இல் ஒன்று. பாடகர் கதிர் வேதாந்தத்தைப் பாடமாகவே படித்தவர் என்பதால் இது மேல்பூச்சுக்குத் தூவிய மந்திரம் அல்ல. ‘நான் யார்’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆல்பம் ஆல்பமாகத் தோண்டுகிறார்கள். நார்வேயில் மதத்தை எதிர்க்கப் பயன்பட்ட வகையைக் கொண்டுபோய் அத்வைத விசாரத்துக்குப் பயன்படுத்தியதை நினைத்தால் இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது. எனக்கு ஓர் உறுத்தலும் உண்டு: 2001-இல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பத்துக்கு ‘ஆரியன் குருசேடு’ என்று பெயர். மேன்மை என்ற பொருளில்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்து அந்த அட்டையைப் பார்த்தால் புருவம் உயரத்தான் செய்யும்.

பல்கலைக்கழக ஆய்வே வந்திருக்கிறது! சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேதிக் மெட்டலும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலும் பற்றி 2009-இல் ஓர் ஆய்விதழில் எழுதினார். பொழுதுபோகாத பையன்களின் சத்தம் என்று தள்ளிவிட முடியாத ஒன்று அது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இதைக் கேளுங்கள், இது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கதி. பிளாக் சபாத்தின் முதல் பாட்டை இத்தனை பயங்கரமாக ஒலிக்கவைத்தது ஒரே ஓர் இடைவெளி. ஆதார சுருதிக்கும் அதிலிருந்து ஆறு அரைச்சுரம் தள்ளியிருக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள தூரம். ஐரோப்பாவில் அதற்கு ‘இசைக்குள் இருக்கும் சாத்தான்’ என்றே பட்டப்பெயர். தேவாலயம் அதைத் தடைசெய்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை, பட்டப்பெயர் மட்டும் நிஜம். உலகத்து மெட்டல் குழுக்கள் எல்லாம் இன்றுவரை அந்தச் சாத்தானை வைத்தே பிழைக்கின்றன.

அந்தச் சாத்தான் சுரம் நம்மிடம் என்ன பெயரில் இருக்கிறது? பிரதி மத்யமம்! 72 மேளகர்த்தா ராகங்களில் சரிபாதி, 37 முதல் 72 வரை அத்தனையும் பிரதி மத்யம ராகங்கள். கல்யாணி அதில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் கல்யாணியை வாசிக்கும்போது யாராவது பயந்து ஓடியிருக்கிறார்களா? மார்கழி மாதம் ஆண்டாள் கோயில் பக்கம் ஸ்பீக்கரில் வரும் திருப்பாவையைக் கவனியுங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தபடி 4-ஆம் பாசுரம், மழையைக் கூப்பிடும் பாசுரம், வராளி ராகத்தில் வரும். வராளியில் இருப்பதும் பிரதி மத்யமம்தான், அதுவும் வழக்கத்தைவிடச் சற்று ஏற்றிப் பிடிக்கும் மத்யமம்.

வராளியைப் பற்றி வித்வான்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது தெரியுமா? குரு சிஷ்யனுக்கு அதை நேரடியாக உட்காரவைத்துச் சொல்லித்தரக் கூடாதாம். சொல்லித்தந்தால் இருவருக்கும் மனஸ்தாபம் வந்துவிடுமாம்! கேட்டே கற்றுக்கொள்ளவேண்டும். பர்மிங்ஹாமில் பயமுறுத்தப் பயன்பட்ட சுரம், இங்கே பயபக்தியோடு மழைக்குப் பாடப்படுகிறது. அந்தப் பயத்தின் ஒரு துணுக்கு மட்டும் எப்படியோ இங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒலியைப் பொறுத்தவரை மெட்டல்காரர்கள் இவ்வளவு மின்சாரம் செலவழித்துத் தேடுவதை நம்ம உறுமி மேளக்காரர் ஒரு வளைந்த குச்சியை வைத்துக்கொண்டு செய்துவிடுகிறார். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வலப்பக்கத் தோலை நேரான குச்சியால் அடிக்கிறார். இடப்பக்கத்தில் அடி கிடையாது. வளைந்த குச்சியின் நுனியைத் தோலில் அழுத்தி, மணிக்கட்டால் முன்னும் பின்னும் தேய்க்கிறார். தோல் முனகுகிறது. அழுத்தம் கூடக் கூட முனகல் மேலேறி, விட்டதும் அடிவயிற்றுக்கு இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது வாத்தியமா, விலங்கா என்று சொல்ல முடியாது. மைக்கும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை. சாமி வருகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் வரும்.

இந்த உறுமி கப்பலேறி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. அங்கே இன்றும் உறுமி மேளக் குழுக்கள் அமர்க்களமாக இருக்கின்றன. ஆனால் சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலப் பாதையில் வாத்தியம் வாசிக்க 1973 முதலே தடை இருந்தது! நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஆக, காவடிக்கு மேளம் கொட்ட முடியாத நகரத்தில், அந்தத் தடை நடப்பில் இருந்த காலத்திலேயே, காவடி பார்த்து வளர்ந்த சமூகத்துப் பையன்கள் சிலர் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிவைத்து ‘ருத்ரா’ என்று உறுமிக்கொண்டிருந்தார்கள். ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் நடந்தன என்பது போதும்.

மற்றவற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டில் ‘கல்ட் ஆஃப் ஃபயர்’ என்று ஒரு பிளாக் மெட்டல் குழு. 2013-இல் அவர்கள் போட்ட ஆல்பத்தின் பெயரே தேவநாகரி எழுத்தில், மரணத்தைப் பற்றிய தியானம் என்ற பொருளில் இருக்கிறது! டெல்லியின் ‘பிளடிவுட்’ யூடியூபில் கேலிப்பாட்டுப் போட்டுத் தொடங்கி, டோல் மேளத்தோடு 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை ஏறியது. கேரளத்துக் கண்ணூரின் ‘தி டவுன் ட்ரொட்டன்ஸ்’ நாட்டார் கலையை மெட்டலோடு கோத்தது. பெங்களூரில் ‘த்வேஷா’ கன்னடத்திலேயே டெத் மெட்டல் பாடுகிறது. அந்த வாக்கன் இருக்கிறதே, அது சுமார் 2,000 பேர் மட்டுமே வாழும் வடஜெர்மன் கிராமம், நம்ம தளவாய்புரத்தைவிடச் சின்னது. வருடா வருடம் ஆகஸ்டை ஒட்டி அங்கே கூடும் மெட்டல் ரசிகர்கள் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேல்! ஏறத்தாழ அதே நாட்களில்தான் இங்கே ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடும்.

சரி, கன்னடத்தில் வந்துவிட்டது, மங்கோலியத்தில் வந்துவிட்டது. ருத்ரா பாடுவதும் பெரும்பாலும் ஆங்கிலமும் சம்ஸ்கிருதமும்தான். வேதாந்தம் அவர்களுடைய தேட்டம், அதில் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் உறுமலுக்கென்றே எழுதியதுபோன்ற சரக்கு தமிழில் கொட்டிக்கிடக்கிறதே! வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி மலைக்கு அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் ஏறுகிறது; சித்தர்கள் வாழ்ந்த மலை என்கிறோம். அந்தச் சித்தர்கள் எழுதியதைப் படித்துப் பாருங்கள். சடங்கைத் திட்டுகிறார்கள், சாதியைத் திட்டுகிறார்கள், கல்லைச் சுற்றுகிறவனைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கிறார்கள், அழுகப்போகும் உடம்பைப் பற்றி அருவருப்புப் படாமல் பேசுகிறார்கள். நார்வேப் பையன்கள் கண்டுபிடித்ததாக நினைத்த கோபமும் இருட்டும் அங்கே எப்போதோ இருக்கிறது, தாளக்கட்டோடு. போர்க்கதை வேண்டுமென்றால் நெற்கட்டும்செவல் பூலித்தேவன் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1755-இலேயே வெள்ளைக்காரனோடு மோதியவர். தைவான்காரர்கள் சீடிக் மக்களுக்குச் செய்ததை அவருக்கு யார் செய்வது?

ராஜபாளையத்திலும் தளவாய்புரத்திலும் கல்லூரி போகிற பையன்கள், பெண்பிள்ளைகள் கையில் கிட்டார் நிறையவே பார்க்கிறேன். பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான் வாசிக்கிறீர்கள், வாசியுங்கள், தப்பில்லை. ரஹ்மானே ‘ரோஜா’வுக்கு முன்னால் சென்னையில் ராக் குழு வைத்திருந்தவர்தான். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: ருத்ராவின் 2005 ஆல்பத்தை ஹெட்ஃபோனில் ஒரு தடவை முழுக்கக் கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஸ்பீக்கரில் போடவேண்டாம், பூசாரியைக் கூப்பிட்டுவிடுவார்கள். கேட்டு முடித்த கையோடு உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருக்கும் உறுமிக்கார அண்ணனைத் தேடிப்போய், உட்கார்ந்து பேசுங்கள். அவர் கூலியைப் பேசிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், ஓசியில் கேட்காதீர்கள்.